அடுப்படியில் வாழும் மொழி

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பெரிய பிரித்தானியாவின் மேற்குப் புறத்தே, மலையும் மழையும் மிக்க ஒரு சிறுநாடு உண்டு. பிறர் அதனை வேல்சு என்பர். அந்நாட்டாரோ தம் நாட்டைக் கம்ரி என்றும், தம் மொழியைக் கம்ராய்க் என்றும் வழங்குவர். வேல்சு என்பது ஆங்கிலேயர் இட்ட பெயர். அயலான் எனப் பொருள்படும் பழைய சொல்லொன்றினின்று பிறந்தது. தன் சொந்த மண்ணிலேயே அயலான் என்று பெயர்பெற்ற ஓரினம், தன் மொழியைத் தன் பிள்ளைகளிடம் எவ்வாறு ஒப்படைத்தது, எங்கே ஒப்படைக்கத் தவறியது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பல மொழிகளுக்கு நடுவே பிள்ளை வளர்க்கும் எந்தத் தாய் தந்தையர்க்கும் அந்நாட்டு வரலாற்றினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

1952ஆம் ஆண்டு. வேல்சின் தென்பகுதியில் இலானெல்லி நகரை அடுத்த இலாங்கென்னெக் என்னும் சிற்றூரில், புதிதாய் மணம் முடித்த இணையர் இருவர் குடியேறினர். கணவர் திரெவோர் பீசிலி. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மனைவி ஐலீன் பீசிலி, பள்ளி ஆசிரியராயிருந்தவர். வீட்டுவரி கட்டுமாறு ஊராட்சி வட்டத்தினின்று தாள் வந்தது. அத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அவ்வட்டத்து மக்களுட் பெரும்பாலார் வேல்சு மொழி பேசுவோர். வரி தண்டுவோரும் அம்மொழி பேசுவோரே. அவ்வாறிருக்க வரித்தாள் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் வரவேண்டும்? வேல்சு மொழியில் தாள் வந்தால் வரி கட்டுவோம், வாராவிடில் கட்டோம் என்று அவ்விணையர் மறுமொழி விடுத்தனர்.

எட்டாண்டுகள் அவர்கள் அவ்வுறுதியினின்று இம்மியும் பிறழவில்லை. பன்முறை வழக்குமன்றம் ஏறினர். பலமுறை பற்றாளர் வந்து வீட்டுப் பொருள்களைத் தூக்கிச் சென்றனர். நாற்காலி போயிற்று, தரைவிரிப்புப் போயிற்று, திருமணத்திற்கு வந்த பரிசுப் பொருள்கள் போயின, பியானோ என்னும் இசைக்கருவியும் போயிற்று. அக்காலத்தில்தான் அவ்வீட்டில் குழந்தைகள் பிறந்து தவழ்ந்து நடை பயின்றன. வெறுந்தரையில் விளையாடிய அக்குழந்தைகள் வேல்சு மொழியிலேயே விளையாடின. 1960ஆம் ஆண்டில் இருமொழியிலும் அச்சிட்ட வரித்தாள் அவ்வீட்டு வாயிலில் வந்து விழுந்தது.

ஒரு தாளுக்காகவா இத்துணைப் பாடு என்று நகைப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருப்பர். அது தாளைப் பற்றிய சண்டையன்று என்க. குழந்தை மிகக் கூர்மையான கண்ணுடையது. தாய் தன்னோடு பேசும் மொழி, அஞ்சற்காரன் கொணரும் தாளில் இல்லை, கடைப் பலகையில் இல்லை, மருத்துவமனையில் இல்லை, அப்பாவே அதிகாரியைக் கண்டவுடன் அதனை விழுங்கிவிட்டு வேறு மொழிக்குத் தாவுகிறார் என்பதனை அது நான்காம் அகவைக்குள் கண்டுகொள்கிறது. கண்டபின் அம்மொழியைக் கைக்குழந்தைப் பருவத்துச் சட்டை போல் கழற்றி எறிகிறது. பீசிலி இணையர் மீட்டது அச்சட்டையின் மதிப்பையே.

சாண்டர்சு லூயிசு என்னும் வேல்சு எழுத்தாளர், 1962ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 13ஆம் நாள் வானொலியில் ஆற்றிய உரையில் இவ்விணையரைத்தான் நாட்டிற்கு வழிகாட்டிகளாகச் சுட்டினார். மொழியின் ஊழ் என்பது அவ்வுரையின் தலைப்பு. இப்போக்கே நீடிக்குமாயின் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்சு வாழும் மொழியாக இராது என்று அவர் எச்சரித்தார். அவ்வாண்டிலேயே வேல்சு மொழிக் கழகம் தோன்றியது. சாலைப் பலகைகளும் அஞ்சலகங்களும் வழக்குமன்றங்களும் போராட்டக் களங்களாயின. அப்போராட்டங்களின் நெடுங்கதையை வேறொரு நாள் பேசலாம். இன்று வீட்டிற்குள் நுழைய வேண்டும்.

வேல்சு மொழி எவ்வாறு இந்நிலைக்கு இறங்கியது? 1536ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலம் வழங்காதார்க்கு வேல்சில் அரசுப் பதவி இல்லையென விதித்தது. எனினும் அதன்பின் முந்நூறு ஆண்டுக்கு மேலும் மக்கள் வேல்சிலேயே பேசினர், பாடினர், வழிபட்டனர். 1588ஆம் ஆண்டில் வில்லியம் மார்கன் கிறித்தவத் திருமறை முழுவதையும் வேல்சில் பெயர்த்து வெளியிட்டமையால் எழுத்து மொழிக்கும் உயிர் இருந்தது. சட்டம் வெட்டிய மரம் வீட்டு வேரினின்று தழைத்தவண்ணமே இருந்தது.

வேரில் வெந்நீர் ஊற்றியது 1847ஆம் ஆண்டு அறிக்கை. வேல்சு நாட்டுப் பள்ளிகளை ஆராய அரசு மூவரை விடுத்தது. மூவருள் ஒருவர்க்கும் வேல்சு மொழி தெரியாது. மொழியறியாதார் மொழியை ஆராய்ந்தால் என்ன விளையும்? மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் முன்னேற்றமின்மைக்கும் அவர்தம் மொழியே தடை என்று எழுதி வைத்தனர். நீல அட்டையிட்ட அவ்வறிக்கையை வேல்சு மக்கள் இன்றும் நீலநூல் வஞ்சகம் என்றே சுட்டுவர். வஞ்சகம் என்று சினந்தவர்களே தம் உள்ளத்தின் ஓர் ஓரத்தில் அதனை நம்பவும் தொடங்கினர். அதுதான் கொடுமை.

அந்நூற்றாண்டில் பல பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. வேல்சு பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவர். அப்பிள்ளை, வேல்சு பேசும் வேறொரு பிள்ளையைக் கண்டு காட்டிக் கொடுத்தால் மரத்துண்டு அக்கழுத்துக்கு மாறும். மாலையில் எக்கழுத்தில் தொங்குகின்றதோ அப்பிள்ளைக்குப் பிரம்படி. ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளைக்கு ஒற்றனாக்கும் ஏற்பாடு இது. பிற்காலத்தில் வேல்சு நாட்டுப் பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளராக உயர்ந்த ஓவன் எட்வர்ட்சும் சிறுவயதில் அம்மரத்துண்டைச் சுமந்தவரே.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. அம்மரத்துண்டை எல்லாப் பள்ளிகளிலும் மாட்டுமாறு அரசு ஆணையிடவில்லை. பல ஊர்களில் ஆசிரியரே செய்தனர், பெற்றோர் உடன்பட்டனர். பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும், சுரங்கத்தையும் கழனியையும் விட்டுப் பிழைக்க வேண்டும் என்னும் ஏக்கம் அவர்களை அவ்வாறு உடன்படச் செய்தது. ஏழைப் பெற்றோரை இழித்துரைத்தல் எளிது. அவர்களுடைய ஏக்கம் பொய்யன்று. அவர்கள் கணக்கே பிழை. ஆங்கிலம் கூட்டப்பெற வேண்டும் என்பதற்கும், வேல்சு கழிக்கப்பெற வேண்டும் என்பதற்கும் வேறுபாடு உண்டென்று எடுத்துரைக்க அன்று அவர்க்கு எவரும் இலர்.

கழித்தலின் விளைவைக் கணக்கெடுப்பில் காண்க. 1901ஆம் ஆண்டில் வேல்சு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் மொழி பேசினர். 1911இல் நூற்றுக்கு 43.5, 1961இல் 26, 1971இல் ஏறத்தாழ 21, 1981இல் ஏறத்தாழ 19. ஒரு படையும் வந்து ஒருவர் நாவையும் அறுக்கவில்லை. தாயும் தந்தையும் தமக்குள் வேல்சு பேசிப் பிள்ளையின் பக்கம் திரும்பும்போது ஆங்கிலம் பேசினர், அவ்வளவே. மொழி சாவது பெரும்பாலும் இவ்வாறுதான். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் இடைப்பட்ட நான்கடித் தொலைவில் அது சாகிறது.

இனி மீட்பின் கதை. 1939ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில், அபெரிசுத்வித் என்னும் கடற்கரை நகரில் ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. அனைத்தும் வேல்சு மொழி வழியே. தொடங்கியவர் ஈவான் எட்வர்ட்சு. கழுத்தில் மரத்துண்டு சுமந்த அந்த ஓவன் எட்வர்ட்சின் மகன். தலைமையாசிரியர் நோரா ஐசக் என்னும் பெண்மணி. முதல் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகள் ஏழே பேர். ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் காக்கப் புறப்பட்டவரை அவ்வூர் எள்ளி நகைத்திருந்தால் வியப்பில்லை. 1947ஆம் ஆண்டு மார்ச்சு முதல்நாளன்று, பீசிலி இணையரின் ஊரை அடுத்த இலானெல்லியில், ஊராட்சியே நடத்தும் முதல் வேல்சு வழிப் பள்ளி திறக்கப்பெற்றது. 1956இல் உயர்நிலைப் பள்ளியும் வந்தது. 1971இல் வேல்சு வழி மழலைப் பள்ளிகளுக்கென ஓர் இயக்கம் அமைந்தது. 1982ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் வேல்சு மொழித் தொலைக்காட்சி தொடங்கிற்று. அதற்காகக் குவின்பர் எவான்சு என்னும் தலைவர் உண்ணாது உயிர் நீப்பேன் என்று அறிவித்தமை 1980இல் நிகழ்ந்தது.

அத்தொலைக்காட்சி குழந்தைகளை மறக்கவில்லை என்பது குறிக்கத்தக்கது. சூப்பர்டெட் என்னும் கரடிக் குட்டியும், தீயணைப்பு வீரர் சாமும் வேல்சு மண்ணில் பிறந்து, அங்கிருந்தே உலகெங்கும் பரவினர். தன் மொழியில் காணும் படம் பிற மொழிப் படத்தினும் தாழ்ந்ததன்று என்று உணரும் குழந்தை, அம்மொழியைத் தாழ்ந்ததாகக் கருதாது. தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குக் காட்டப்பெறும் படங்களுட் பல பிறமொழியினின்று ஒலி மட்டும் மாற்றப்பெற்றவை என்பதனை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

சட்டங்களும் வந்தன. 1967இலும் 1993இலும் இயற்றப்பெற்ற சட்டங்களுக்குப் பின், 2011இல் வேல்சு அலுவல் மொழி என்னும் நிலையையும் எய்தியது. பள்ளி உண்டு, தொலைக்காட்சி உண்டு, சட்டம் உண்டு. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பேசுவோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 21 ஆக உயர்ந்தது. மொழி மீண்டுவிட்டதென எல்லாரும் மகிழ்ந்தனர். 2011இல் அது 19 ஆகக் குறைந்தது. 2021இல் 17.8, ஆட்டொகை ஏறத்தாழ 5,38,000. குறைவு முதியோரிடத்து மட்டுமன்று. ஐந்து முதல் பதினைந்து அகவை வரையுள்ள பிள்ளைகளிடத்தே நூற்றுக்கு ஏறத்தாழ 40 ஆயிருந்தது 34 ஆயிற்று. பள்ளியில் வேல்சு கட்டாயப் பாடமாயிருக்கும் அகவையிலேயே இக்குறைவு!

இப்புதிரை அவிழ்ப்பது மற்றொரு கணக்கு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தாய் தந்தை இருவரும் வேல்சு பேசும் வீடுகளில் மூன்று நான்கு அகவைப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 82 பேர் வேல்சு பேசினர். இருவருள் ஒருவர் மட்டுமே பேசும் வீடுகளில் 45 பேர். மொழி தெரிந்த தாய் அருகிலிருந்தும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகட்கு அது வாய்க்கவில்லை. அவ்வாறே இருவரும் அறிந்த வீடுகளிலும் ஐந்து பிள்ளைகளுள் ஏறத்தாழ ஒன்று வெறுங்கையோடு பள்ளிக்குப் போகிறது. அப்பிள்ளைகளைப் பள்ளி ஏற்றுக்கொண்டு மொழி கற்பிக்கும். பள்ளி மணி அடித்தபின் அவர்கள் ஆங்கிலத்தில் கூவிக்கொண்டு வீட்டிற்கு ஓடுவர்.

பெல்சிய நாட்டின் தச்சுமொழிப் பகுதியில் அன்னிக் தெ ஔவர் என்னும் மொழியறிஞர் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை வினவி 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டுகிறது. அவை தச்சோடு வேறொரு மொழியும் வழங்கும் வீடுகள். அவ்வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் பிள்ளைகள் அவ்வேறு மொழியைப் பேசவேயில்லை. தச்சை மட்டும் பேசினர். ஆனால் தாய் தந்தை இருவரும் தம் மொழியையே வீட்டில் பேசி, தச்சை வெளியுலகிற்கு விட்டுவிட்ட குடும்பங்களில் நூற்றுக்கு 97 வீட்டில் பிள்ளைகள் இருமொழியும் பேசினர். தச்சு அவர்களுக்கு வாராமற் போகவில்லை. வெளியுலக மொழி தானே வரும். அதற்கு வீட்டில் நெய் ஊற்ற வேண்டியதில்லை. வீட்டு மொழியோ வீட்டை விட்டால் வேறு இடமில்லாதது.

ஆயினும் பெற்றோரின் அச்சம் எளிதில் நீங்குவதன்று. இரண்டு மொழி ஏறினால் குழந்தையின் மூளை குழம்பும், பேச்சுத் தாழும், படிப்பில் பின்தங்கும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்கலாம். இவ்வச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. வியப்பு என்னவெனில் அதுவும் வேல்சிலேயே தொடங்குகிறது. 1923ஆம் ஆண்டில் சேயர் என்னும் ஆய்வாளர் வேல்சு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரை ஆராய்ந்தார். சிற்றூர்களில் இருமொழி பேசும் பிள்ளைகள் அறிவுத்திறனில் தாழ்ந்திருப்பதாக எழுதினார். நகர்ப்புறத்தில் அத்தகைய வேறுபாடு தெளிவாக இல்லை என்பதும் அவ்வாய்விலேயே இருந்தது. அதனை யாரும் நினைவில் கொள்ளவில்லை. மொழியால் வந்த தாழ்வாயின் நகரத்துப் பிள்ளைக்கும் வரவேண்டுமன்றோ? பின்னர் வேல்சு நாட்டு ஆய்வாளரான சோன்சு, பெற்றோரின் தொழில் ஒத்த பிள்ளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார், அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. சேயர் அளந்தது மொழியையன்று, வறுமையை. 1962இல் கனடாவின் மாண்டிரியல் நகரில் பத்தகவைப் பிள்ளைகளிடத்து நிகழ்ந்த ஆய்வில் இருமொழிப் பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளை விஞ்சியே நின்றனர். இருமொழியால் தனிச் சிறப்பு உண்டா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்தாரல்லர். ஆனால் இழப்பு உண்டு என்னும் பழைய கூற்று வீழ்ந்து நெடுநாளாயிற்று.

தாயும் தந்தையும் வெவ்வேறு மொழியினராயின் என் செய்வது? பிரெஞ்சு மொழியறிஞர் சூல் உரோன்சா என்பாரின் மனைவி செருமானியப் பெண். தம் மகனோடு தாம் பிரெஞ்சிலேயே பேசினார். மனைவி செருமானிய மொழியிலேயே பேசினார். ஒருவர்க்கு ஒரு மொழி என்னும் இம்முறையை அவர்க்குச் சொன்னவர் கிரமோன் என்னும் மற்றோர் அறிஞர். குழந்தை இரண்டையும் குழப்பமின்றிப் பேசியமையை உரோன்சா நாள்தோறும் குறித்து 1913இல் நூலாக்கினார். இன்று உலகெங்கும் கலப்பு மணக் குடும்பங்கள் கைக்கொள்ளும் வழி அதுவே. எனினும் மேற்சொன்ன பெல்சிய ஆய்வில் இம்முறை கையாண்ட வீடுகளுள் நான்கில் ஏறத்தாழ மூன்றே வெற்றி பெற்றன. அலுவலகம் சென்று இரவு எட்டு மணிக்கு வரும் தந்தை, உறங்கும் பிள்ளைக்கு எந்த மொழியை ஊட்டுவது? வெளியுலகின் துணையற்ற மொழிக்கே வீட்டில் மிகுந்த நேரம் தரவேண்டும். பாட்டியோ தாத்தாவோ அருகிலிருந்தால் அவர்களே பெருஞ்செல்வம்.

வேல்சு அரசு இதனைக் காலங்கடந்தேனும் உணர்ந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், வளர்ச்சி எனப் பொருள்படும் பெயரோடு ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் படைவீரர் யார் தெரியுமா? மருத்துவச்சியரும் வீடு வந்து தாய் சேய் நலம் பார்க்கும் செவிலியருமே. கருவுற்ற பெண்ணிடம் மருத்துவச்சி, இக்குழந்தையோடு எம்மொழியில் பேசப்போகின்றீர்கள் என்று கேட்பார். எளிய கேள்விதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதனை அதுவரை எவரும் கேட்டதேயில்லை. கணவனும் மனைவியும் குழந்தைக்குப் பெயர் தேடுவர், தொட்டில் தேடுவர், பள்ளியும் தேடுவர். மொழியை மட்டும் தேடுவதில்லை. வாயில் எது முதலில் வருகிறதோ அதுவே மொழியாகி நிலைத்து விடுகிறது.

பற்று மிக்க பெற்றோர்க்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எபிரேய மொழியை மீட்ட பென்யெகுதா, 1882இல் பிறந்த தம் மகன் செவியில் வேறு மொழி விழவே கூடாதென்று தடுத்தார். ஒருநாள் தாய் தன்னை மறந்து உருசிய மொழியில் தாலாட்டியபோது அவர் கடுஞ்சினம் கொண்டு சீறிய நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அம்மகனே நினைவுகூர்ந்துள்ளான். எபிரேயம் மீண்டது உண்மை. ஆயினும் அம்மகன் தன் மழலைப் பருவத்தில் விளையாட்டுத் தோழரின்றித் தனித்து வளர்ந்தான் என்பதும் உண்மை. அவ்வுறுதியைப் போற்றலாம், அச்சீற்றத்தைப் பின்பற்ற வேண்டுவதில்லை. மரத்துண்டைக் கழுத்தில் மாட்டுவோன் ஆங்கிலேயனாயினும் தமிழனாயினும் கழுத்து குழந்தையுடையதே.

தனித்தமிழ் அன்பர்கள் இதனைக் கூர்ந்து நோக்குதல் நன்று. மூன்றகவைக் குழந்தை ஓடிவந்து, "அம்மா, கப் உடைஞ்சு போச்சு" என்கிறது. "கப் என்று சொல்லாதே, குவளை என்று சொல்" என அதட்டினால், குழந்தை கற்பது குவளை என்னும் சொல்லையன்று. தமிழில் பேசினால் திட்டு விழும் என்பதையே. அக்குழந்தைக்குத் திட்டில்லாத மொழியொன்று தெருவில் ஆயத்தமாய்க் காத்திருக்கிறது. "குவளை உடைந்து போயிற்றா? காலில் குத்தவில்லையே கண்ணு?" என்று தாய் கேட்டால் சொல்லும் சேர்ந்தது, அன்பும் சேர்ந்தது. நான்கு முறை கேட்டபின் ஐந்தாம் முறை குழந்தையே குவளை என்னும். வேல்சிலும் இச்சிக்கல் உண்டு. கலந்து பேசும் இளையோரைப் பார்த்து இதுவும் ஒரு வேல்சா என்று எள்ளிய முதியோரால், பேச முயன்றோர் பலர் வாய்மூடினர். தூய்மை கற்பிக்கப்பட வேண்டியது; குழந்தையின் தொண்டையை நெரித்தன்று.

தமிழர் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளுள் சிங்கப்பூரின் நிலை வேல்சின் நிலையோடு பெரிதும் ஒத்தது. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. பள்ளியில் தமிழ்ப் பாடம் உண்டு, வானொலி உண்டு, தொலைக்காட்சி உண்டு, 1935 முதல் வெளிவரும் நாளிதழும் உண்டு. தமிழ்நாட்டிலும் கிடையாத சில ஏந்துகள் அங்குண்டு. ஆயினும் அங்கு இந்தியர் எனப் பதியப்பெற்றாருள், வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர். 2020இல் ஏறத்தாழ 28 பேர். ஆங்கிலம் பேசுவோர் அதே பத்தாண்டில் ஏறத்தாழ 42 பேரினின்று 59 பேராயினர். இந்தியருள் தமிழரல்லாதாரும் உளர் என்பதனைக் கழித்துப் பார்த்தாலும் போக்கு விளங்காமற் போகாது.

ஆட்சிமொழி என்னும் அணிகலன் தமிழுக்கு உண்டு. அடுப்படியில் இடம் குறைகிறது. அந்நாட்டுத் தமிழ்க் கல்வியாளர் 2005ஆம் ஆண்டில் ஒரு முடிவுக்கு வந்தனர். வகுப்பறையில் எழுத்துத்தமிழ் மட்டுமே ஒலித்தமையால், பிள்ளைகள் தமிழைத் தேர்வுக்குரிய மொழி என்று கருதித் தமக்குள் பேசாராயினர். ஆகலின் வீட்டிலும் கடையிலும் வழங்கும் திருந்திய பேச்சுத்தமிழையும் வகுப்பில் பேசப் பழக்க வேண்டும் என்பது அம்முடிவு. செந்தமிழ்ப் பற்றாளர் சிலர்க்கு இது கசக்கலாம். ஆனால் ஓடியாடும் சிறுவன் தோழனை நோக்கி, "பந்தை எறிவாயாக" என்று கூவ மாட்டான். "பந்தைப் போடுடா" என்று கூவத் தமிழ் இடங்கொடுக்கவில்லையாயின் அவன் ஆங்கிலத்தில்தான் கூவுவான். விளையாட்டை இழந்த மொழி அடுத்த தலைமுறையை இழக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து கொண்டு சிங்கப்பூருக்கு இரங்குவோர் தம் வீட்டு வாயிலையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். மேடையில் ஒரு மணிநேரம் வடசொற் கலவாது முழங்கிவிட்டு வீடு திரும்பும் பேச்சாளரை அவர் பேரன் "தாத்தா கம்" என்று வரவேற்பதும், அவர் அதனைக் கேட்டு உச்சிகுளிர்ந்து அண்டை வீட்டார்க்குச் சொல்லி மகிழ்வதும் இல்லாத காட்சிகளல்ல. தொலைபேசியில் ஆங்கிலப் பாட்டைப் போட்டுக் கொடுத்தால்தான் குழந்தை சோறு உண்ணுகிறது என்று சொல்லும் தாய்க்கு, நிலாவைக் காட்டிச் சோறூட்டிய தன் பாட்டியின் நினைவு வரவேண்டும். பிள்ளை ஆங்கிலம் கற்பதைப் பற்றி இங்கு எவர்க்கும் மனக்குறை இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலமும் கற்கட்டும்; இந்நாட்டில் வாழ மற்றொரு மொழி வேண்டுமாயின் அதனையும் கற்கட்டும். காய்ச்சல் வந்து முனகும்போது எம்மொழியில் முனகுகிறது என்பதே கேள்வி.

இலாங்கென்னெக் சிற்றூருக்குத் திரும்பலாம். திரெவோர் பீசிலி 1994இல் மறைந்தார். ஐலீன் 2012இல், தம் 91ஆம் அகவையில் மறைந்தார். அவ்வூர்த் தொடக்கப் பள்ளி முழுதும் வேல்சு வழிக்கே மாற வேண்டுமென்று 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மாவட்ட மன்றம் முடிவு செய்தது. பெற்றோருள் ஒரு சாரார் அதனை வன்மையாக எதிர்த்தனர். மாற்றம் நிகழ்ந்தது. அம்மாவட்டத்தில் 2001இல் நூற்றுக்கு ஏறத்தாழ 50 பேர் வேல்சு பேசினர். 2021இல் ஏறத்தாழ 40 பேர். இப்பொழுது அவ்வூர்க் குழந்தைகள் பள்ளியில் வேல்சு மொழியிலேயே பாடங் கேட்கின்றனர். மாலையில் வாயிலில் வந்து நின்று பையை வாங்கிக்கொள்ளும் தாய், "இன்று என்ன படித்தாய்?" என்று எம்மொழியில் கேட்கிறாள் என்பதனை அடுத்த கணக்கெடுப்பு காட்டும்.